பெரிய பெட்டி போனால் குரல் என்னாகும்?

சின்ன ஸ்பீக்கர் வந்த வீடுகளில் பழைய ஸ்டீரியோ செட்டும் கேசட்டுகளும்

தாராவியில் புதுக் கட்டிடம் ஒன்றின் 7-வது மாடி. 1977-ல் நெல்லைச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து, ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவரின் வீடு அது. பழைய சால் வீட்டிலிருந்து இங்கே குடிவந்து 3 மாதங்கள்தான் ஆகின்றன. கட்டில், பிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், பேரனின் படிப்பு மேஜை எல்லாம் உள்ளே வந்த பிறகு, ஒரு மூலையில் மட்டும் இடம் இடிக்கிறது. அங்கே ஒரு ஆம்ப்ளிபயர், அதன்மேல் ஒரு கேசட் டெக், இரு பக்கமும் முழங்கால் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். பேரனின் புத்தகப் பை அவற்றில் ஒன்றின்மேல்தான் தினமும் அமர்கிறது.

மகன் ஒரு நாள் சொம்பு அளவில் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தார். கம்பி கிடையாது. கைபேசியைத் தொட்டார், பாட்டு வந்தது. அறை நிறைய வந்தது. மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். மறு ஞாயிற்றுக்கிழமை கீழே பங்கார்வாலாவின் குரல் கேட்டது.

"அப்பா, இந்தப் பழசைக் குடுத்துரலாமா? ரெண்டு அடி இடமாவது கிடைக்கும்."

பெரியவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பரணிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை இறக்கினார். அதற்குள் கேசட்டுகள். புது ஸ்பீக்கரைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதாம்ல. இதுல கேசட்டை எங்கே போடுறது?"

மகனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பங்கார்வாலா அடுத்த கட்டிடத்துக்குப் போய்விட்டார்.

இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டோடு முடிவதல்ல. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி என்று நம்மவர்கள் குடியிருக்கும் பகுதிகளிலெல்லாம் பழைய செட் வெளியே போகிறது. சின்ன ஸ்பீக்கர் உள்ளே வருகிறது. மாற்றம் நல்லதா, கெட்டதா என்ற வாதத்தை விட, எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து மாற்றுவதே முக்கியம்.

போனஸில் வந்த செட்

கேசட் என்ற சின்ன நாடாப் பெட்டியை ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் அறிமுகம் செய்தது. அதற்கு முன் வீட்டில் நினைத்த பாட்டைக் கேட்க வேண்டுமானால் இசைத்தட்டு வேண்டும். இல்லையேல் விவித் பாரதியிலோ இலங்கை வானொலியிலோ அந்தப் பாட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். கேசட் வந்ததும் பாட்டு சட்டைப் பைக்குள் வந்தது. அதைவிடப் பெரிய விஷயம், சாதாரண மனிதனும் தன் குரலைப் பதிவு செய்யலாம் என்ற நிலை வந்தது.

அரபு நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது 'டூ-இன்-ஒன்' எனப்படும் ரேடியோ சேர்ந்த டேப் ரிக்கார்டரைத் தூக்கி வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களும் மனைவிமார்களும் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் அது.

உள்நாட்டிலும் சோனோடைன், காஸ்மிக், பிலிப்ஸ் முதலிய பெயர்களில் ஸ்டீரியோ செட்டுகள் விற்றன. தமிழ்த் திரையிசையிலும் ஸ்டீரியோ பேச்சு கிளம்பியது. 1978-ல் வந்த 'ப்ரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோ பதிவு என்பதற்காகவே பேசப்பட்டன. இடப் பக்கப் பெட்டியில் ஒரு வாத்தியம், வலப் பக்கப் பெட்டியில் ஒரு வாத்தியம், பாடகர் நட்ட நடுவில் நிற்பது போன்ற தோற்றம். இரண்டு பெட்டிகள் இருந்தது அழகுக்காக அல்ல, இந்தத் தோற்றத்துக்காகத்தான்.

தாராவிப் பெரியவர் தம் செட்டை வாங்கியது 1986-ல். தீபாவளி போனஸ், அதோடு ஆபீசில் வாங்கிய பண்டிகை முன்பணம், மீதிக்கு மாதத் தவணை. 10 அடிக்கு 12 அடி சால் அறையில் அந்தச் செட் வைத்த பிறகு, இரவில் படுக்க ஒரு பாய் விரிக்கும் இடம் குறைந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. பொங்கலன்று வாசல் கதவைத் திறந்து வைத்தால் அந்த மாடி முழுவதும் பாட்டுக் கேட்கும்.

கம்பியில்லாப் பெட்டி

சின்ன ஸ்பீக்கருக்குள் இருப்பது என்ன? பல சாமான்கள் அதற்குள் ஒன்றாக இருக்கின்றன: ஆம்ப்ளிபயர், ஒலிபெருக்கி, மின்கலம், வானலை வாங்கும் கருவி. கைபேசி பாட்டைச் சுருக்கி வானலையாக அனுப்புகிறது. பெட்டி அதைப் பிடித்து மீண்டும் ஒலியாக்குகிறது. இந்த முறைக்கு 'புளூடூத்' என்று பெயர். 10-ம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஒரு மன்னரின் பட்டப்பெயர் அது. 1998-ல் எரிக்சன், ஐ.பி.எம்., இன்டெல், நோக்கியா, தோஷிபா ஆகிய 5 கம்பெனிகள் கூடி இதை ஒரு பொது முறையாக வளர்க்க முனைந்தன.

வீட்டு ஸ்பீக்கர்களில் இந்த அலை சுமார் 10 மீட்டர் தூரம் நன்றாகப் போகும். நடுவில் சுவரோ ஆளோ வந்தால் தூரம் குறையும். வீட்டு வை-பையும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம் நடமாடுவதால், சில நேரம் பாட்டு விட்டுவிட்டு வரும். அப்போது ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. கைபேசியைச் சற்று அருகில் கொண்டுவந்தால் போதும்.

சிறியதால் ஆகாதது எது?

ஒலி என்பது காற்றின் அசைவு. கீழ்த்தொனிக்கு நிறையக் காற்றை அசைக்க வேண்டும். பழைய பெட்டியில் 8 அங்குல விட்டமுள்ள கூம்பு இருந்தது. சின்னப் பெட்டியில் 2 அங்குலம்தான். விட்டத்தில் 4 மடங்கு வித்தியாசம் என்றால் பரப்பில் 16 மடங்கு. தவிலின் கனமும் மிருதங்கத்தின் இடந்தலை முழக்கமும் பழைய செட்டில் நெஞ்சில் வந்து மோதியதற்கு இதுவே காரணம்.

சின்னப் பெட்டிகள் இதை ஈடுகட்டச் சில உபாயங்களைச் செய்கின்றன. பெட்டியின் ஓரங்களில் தாமாக அதிரும் தகடுகளை வைக்கிறார்கள். உள்ளே உள்ள மின்னணுச் சில்லு கீழ்த்தொனியை உயர்த்திக் கொடுக்கிறது. குறைந்த சத்தத்தில் இது நன்றாகவே எடுபடும். சத்தத்தை முழுவதும் திருப்பினால் அதே சில்லு கூம்பைக் காப்பாற்றுவதற்காகக் கீழ்த்தொனியை அடக்கிவிடும். பாட்டு மெலிந்து கூச்சலாகிவிடும். ஆகவே சின்ன ஸ்பீக்கரைப் பாதிக்குச் சற்று மேல் வைத்துக் கேட்பதே நலம். சுவரை ஒட்டியோ மூலையிலோ வைத்தால் கீழ்த்தொனி கொஞ்சம் கூடும். காசு செலவில்லாத வழி இது.

இன்னொன்று. ஒரே பெட்டியில் இடமும் வலமும் அருகருகே இருப்பதால், பழைய ஸ்டீரியோ தோற்றம் ஏறக்குறைய மறைந்துவிடும். ஒரே மாதிரியான இரண்டு ஸ்பீக்கர்களை வாங்கி ஜோடி சேர்த்து, 5 அல்லது 6 அடி இடைவெளியில் வைத்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். எல்லா மாடல்களும் ஜோடி சேரா. வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறிய வீட்டுக்குச் சிறியதே போதுமா?

இதற்குப் பெரும்பாலும் 'ஆம்' என்றே சொல்ல வேண்டும். மும்பையில் குடிசைப் பகுதி மறுசீரமைப்பில் கிடைத்த வீடுகள் முதலில் 225 சதுர அடி, பிறகு 269 சதுர அடி. 2018-ல் வந்த விதிகளில்தான் 300 சதுர அடி ஆயிற்று. இந்த அளவு அறையில் பெரிய செட்டின் சத்தத்தில் கால் பங்கைக்கூடப் பயன்படுத்த முடியாது. மேலும், கீழ்த்தொனி அலை நீளமானது. வினாடிக்கு 50 அதிர்வுள்ள ஒலியின் அலை சுமார் 7 மீட்டர் நீளம். அறையே அவ்வளவு நீளம் இல்லை. ஆகவே அந்த ஒலி மூலைகளில் தேங்கி முழங்குகிறது. சுவர் வழியே அடுத்த வீட்டுக்கும் போகிறது.

சால் வீட்டில் அடுத்த வீட்டுக்காரர் நம் பாட்டைத் தானும் சேர்ந்து கேட்டார். மாடிக் கட்டிடத்தில் அவர் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவராக இருக்கலாம். ஒலி மாசு பற்றிய 2000-ம் ஆண்டு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை.

வாங்குமுன் கவனிக்க

கடையில் முதலில் கண்ணில் படுவது 'வாட்' கணக்குதான். பெட்டிமேல் 'பி.எம்.பி.ஓ.' என்று போட்டு ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம். அந்த அளவுக்குப் பொதுவான தர விதி எதுவும் இல்லை. 'ஆர்.எம்.எஸ்.' என்ற எழுத்துகளுக்கு எதிரே இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது தொடர்ந்து தரக்கூடிய சக்தி. ஒரு சிறு வீட்டுக்கு 10 முதல் 20 வாட் தாராளம்.

புளூடூத் ஸ்பீக்கர்களுக்கு இந்தியத் தர நிறுவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. அந்த முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் பொருள்மேல் இருக்க வேண்டும். உள்ளே லித்தியம் மின்கலம் இருப்பதால் இதை அலட்சியம் செய்யலாகாது. நடைபாதையில் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வாங்கி, இரவெல்லாம் சார்ஜில் போட்டுத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவது ஆபத்து.

கம்பி செருகும் 'ஆக்ஸ்' துளை இருக்கிறதா என்று பாருங்கள். டி.வி.யுடன் வானலை வழியாக இணைத்தால், படத்தில் வாய் அசைந்த பிறகு பேச்சு சற்றுத் தாமதமாக வருவது உண்டு. கம்பி வழியாக இணைத்தால் அந்தத் தொல்லை இராது.

ஆயுளும் யோசிக்க வேண்டிய விஷயம். மின்கலம் சில நூறு முறை சார்ஜ் ஆனபின் வலுவிழக்கத் தொடங்கும். பல மாடல்களில் அதைக் கழற்றி மாற்ற வழி இல்லை. பெரியவரின் செட்டோ 40 ஆண்டைத் தொடப்போகிறது. கெட்டது ஒரு பெல்ட், ஒரு கண்டென்சர், மாற்றினால் ஓடும். புதியது மலிவு, ஆனால் அது பிள்ளைக்குக் கைமாறும் பொருள் அல்ல.

மூன்றாவது வழி

பழையதை வைப்பதா, புதியதை வாங்குவதா என்று மட்டுமே பலர் யோசிக்கிறார்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டு. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதான புளூடூத் வாங்கி ஒன்று சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. அதைப் பழைய ஆம்ப்ளிபயரின் பின்புறம் 'ஆக்ஸ்' அல்லது 'டேப்' என்று எழுதிய துளையில் செருகினால், கைபேசிப் பாட்டு பழைய செட்டில் பாடும். 'போனோ' என்று எழுதிய துளையில் மட்டும் செருகக் கூடாது. அது இசைத்தட்டுக்கு உரியது, ஒலி சிதைந்துவிடும். பழைய செட்டுகள் சிலவற்றில் 5 ஊசித் துளை இருக்கும். அதற்கு ஏற்ற கம்பி லாமிங்டன் ரோடு கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் மும்பை ஈரக் காற்றில் உதிர்ந்து போயிருக்கலாம். கர் கர் என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் அதுதான் கோளாறு. வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். இடம் இருப்பவர்களுக்கு இந்த வழியே சிக்கனம்.

கேசட்டை மறவாதீர்

இடம் இல்லாதவர்கள் செட்டைக் கொடுக்கத்தான் வேண்டும். அதில் தவறில்லை. ஆனால் கேசட் டெக் வெளியே போகுமுன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

சினிமாப் பாட்டுக் கேசட் போனால் போகட்டும். அந்தப் பாட்டு கைபேசியில் கிடைக்கும். வீட்டில் பதிவு செய்தது எங்கும் கிடைக்காது. கல்யாணத்தில் ஒலித்த நாதஸ்வரம், குழந்தையின் முதல் மழலை, பாட்டியின் தாலாட்டு, ஊரிலிருந்து வந்த குரல் கடிதம் இவையெல்லாம் உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். மழைக்கால ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். நாடாவை அழுத்தும் சிறு பஞ்சு கழன்று விழும். காத்திருப்பதால் எதுவும் தேறாது.

செய்ய வேண்டியவை இவை. முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுங்கள். அதன்பின் தவறி 'ரிக்கார்டு' பொத்தானை அழுத்த வந்தாலும் அது அழுந்தாது. பழைய பதிவு அழியாது. அடுத்து, டெக்கின் தலையைச் சுத்த ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வேண்டாத ஒரு பாட்டுக் கேசட்டைப் போட்டு, டெக் நாடாவைக் கடிக்கிறதா என்று சோதியுங்கள். பிறகே அருமையான கேசட்டைப் போட வேண்டும். பல ஆண்டு சும்மா கிடந்த நாடாவை முதலில் கடைசிவரை ஓட்டி, மறுபடி சுற்றிவிட்டுக் கேட்பது நல்லது.

பதிவு செய்யக் கைபேசியை ஸ்பீக்கர்முன் பிடிக்க வேண்டாம். மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து ஏறும். டெக்கின் 'லைன் அவுட்' துளையிலிருந்து, யு.எஸ்.பி. வழியாக ஒலியை ஏற்றும் சிறு கருவி மூலம் கம்ப்யூட்டருக்குக் கம்பி கொடுக்கலாம். 'ஆடாசிட்டி' என்ற மென்பொருள் இலவசம். 60 நிமிடக் கேசட் ஏற 60 நிமிடம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 மெகாபைட். ஏறிய பதிவுக்கு யார் குரல், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று பெயர் எழுதி, இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று ஊரில் உள்ள அண்ணன் தம்பியிடம் இருந்தால் மிகவும் நல்லது.

14 நிமிடம்

தாராவி வீட்டில் அந்த டெக் ஓடவில்லை. பெல்ட் இளகிப் பிசின்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. மகன் அதைப் பையில் போட்டு லாமிங்டன் ரோட்டுக்கு எடுத்துப் போனார். இரண்டு கடைகளில் கையை விரித்தார்கள். மூன்றாவது கடையில் ஒரு வயதான மெக்கானிக் பெல்ட்டை மாற்றிக் கொடுத்தார்.

செருப்புப் பெட்டியிலிருந்து பெரியவர் முதலில் எடுத்தது 60 நிமிடக் கேசட் ஒன்று. மேலே பால்பாயிண்ட் பேனாவில் 'அம்மா, 1987' என்று எழுதியிருந்தது. அவருடைய தாயாருக்கு எழுதத் தெரியாது. லீவில் ஊருக்குப் போன உறவினர் டேப் ரிக்கார்டரில் பேச வைத்து, திரும்பும்போது ரெயிலில் கொண்டுவந்தது. தாயார் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

நாடா சுழன்றது. கோழி கூவும் சத்தம். பிறகு ஒரு கிழவியின் குரல்.

"ஏ ஐயா, நல்லாருக்கியா? இங்க மழை பெஞ்சு குளம் நெறஞ்சிருக்கு. ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. நீ அனுப்புன பணம் வந்துச்சு. வேளாவேளைக்குச் சாப்புடுய்யா…"

பேரன் படிப்பதை விட்டுத் திரும்பிப் பார்த்தான். அவன் கேட்டிராத குரல். கொள்ளுப் பாட்டி என்று அவனுக்குச் சொன்னார்கள்.

14 நிமிடம் ஆயிற்று. கிழவி ஏதோ சொல்ல வந்தாள். "உங்க அக்காகிட்ட நான் சொன்னேன்…" அத்தோடு குரல் அறுந்தது. சடாரென்று விவித் பாரதியில் வந்த ஒரு இந்திப் பாட்டு தொடங்கியது.

மகன் தலையைக் குனிந்துகொண்டார். 1992-ல் அவருக்கு வயது 10. ரேடியோவிலிருந்து பாட்டுப் பிடிக்கக் கேசட் கிடைக்காமல், கைக்கு அகப்பட்டதைப் போட்டு அழுத்தியது அவர்தான். அந்தக் கேசட்டில் தாழ் உடைக்கப்படவில்லை. அக்காவிடம் என்ன சொன்னாள் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

"பாட்டை வெட்டிட்டு, ஆச்சி பேசுறதை மட்டும் வச்சுக்கிடுவோமாப்பா?" என்று மகன் கேட்டார்.

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "வேண்டாம்ல. அதுவும் கெடக்கட்டும். சின்னப் பிள்ளையில நீ புடிச்ச பாட்டுல்லா."

இரண்டு வாரத்தில் 11 கேசட்டுகள் ஏறின. பிறகு ஆம்ப்ளிபயரையும் ஸ்பீக்கர் பெட்டிகளையும், பழைய செட்டில் ஆசையுள்ள பக்கத்துக் கட்டிடத்து இளைஞர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். டெக்கை மட்டும் பெரியவர் கொடுக்கவில்லை. செருப்புப் பெட்டியோடு அது பரணில் இருக்கிறது. இரண்டு அடி இடம் கிடைத்துவிட்டது. பேரனின் புத்தகப் பை அங்கே தரையில் இருக்கிறது. ஞாயிறு காலையில் சொம்பு அளவு ஸ்பீக்கரில் சில நாள் நாதஸ்வரம் கேட்கிறது. சில நாள் ஆடு குட்டி போட்ட செய்தி கேட்கிறது.

ஓடாத செட்டை வைத்திருப்பவர்கள் அதைக் குப்பையில் எறிய வேண்டாம். ஈயம் கலந்த பற்றாசு உள்ளே இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேர்ப்பதே முறை. வலுவிழந்த லித்தியம் மின்கலத்துக்கும் இதேபோல் தனி விதி உண்டு.

அதற்கு முன், பரணில் இருக்கும் கேசட் பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். கையால் பெயர் எழுதிய கேசட் ஒன்றாவது அதில் இருந்தால், முதல் வேலையாக அதன் தாழை உடைத்து வையுங்கள்.